குழந்தை வைத்தியரின் கைப்பை

வீட்டிலே பெரியவர் ஒருவர் நோயுற்றால், வைத்தியர் வந்ததும் முதலிற் கேட்பது, "உமக்கு என்ன செய்கிறது?" என்னும் கேள்வியாகும். நோயாளியும் தலையிடி என்றோ, வயிற்றுளைவு என்றோ, இரவு முழுவதும் நித்திரை இல்லை என்றோ தம் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நோயின் பாதி வைத்தியருக்கு விளங்கிவிடும். ஆனால், நோயாளி ஆறு மாதக் குழந்தையாயின் என் செய்வது? அதற்குத் தெரிந்த பாஷை அழுகை ஒன்றே. பசித்தாலும் அழும்; காது வலித்தாலும் அழும்; வைத்தியரின் முகத்தைக் கண்டாலும் அழும். நோய் முற்றிய பின்னரோ, அழுவதற்கும் வலுவின்றிக் கிடக்கும்.

வாய் பேசாத இந்நோயாளிக்காகப் பேசும் கருவிகளைத் தேடிச் சேர்த்தவரே குழந்தை வைத்தியர். இவ்வாரம் அவருடைய கைப்பையைத் திறந்து பார்ப்போம். பெயர் குறித்த தனியொருவரின் பையன்று இது. 1900ஆம் ஆண்டு தொடக்கம் முதலாம் உலக யுத்தம் மூளும் வரையில் நியூயோர்க்கிலோ, பாரிஸிலோ, வியன்னாவிலோ தொழில் புரிந்த குழந்தை வைத்தியர்கள் கையாண்ட பொருள்களையே இங்கு ஒன்று சேர்த்துக் காண்கின்றோம். இன்று அவை மேனாட்டு நூதனசாலைகளிலே கண்ணாடிப் பேழைகளுள் உறங்குகின்றன. அவற்றுள் ஒன்று உறங்குவதனாலேயே நம் குழந்தைகள் உயிரோடு இருக்கின்றனர் என்பதை இக்கட்டுரையின் முடிவிற் காண்போம்.

அக்காலத்திலே குழந்தை வைத்தியம் என்பது ஒரு புதிய துறை. அதற்கு முன் குழந்தையை உருவிற் சிறிய பெரியவராகவே பலர் கருதினர். பெரியவருக்குரிய மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தாற் போதும் என்று எண்ணினர். ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று குடியேறிய டொக்டர் ஏபிரகாம் ஜேக்கோபி, 1860ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே குழந்தை நோய்களுக்கெனப் பேராசிரியர் பதவி ஏற்றார். அமெரிக்காவில் அத்துறைக்கு வித்திட்டவர் அவரே. அவரைப் பற்றிப் பின்னரும் பேசவேண்டியிருக்கின்றது.

மேல்தட்டில் இருப்பவை

பையின் வாயைத் திறந்ததும் கைக்கு அகப்படுவன, நாள்தோறும் எடுத்தாளும் பொருள்கள். வெப்பமானி, நெஞ்சொலி கேட்கும் குழல், விநாடி முள்ளுள்ள கடிகாரம், அளவுநாடா, சாதாரணக் கரண்டி ஒன்று.

இன்று எந்த வீட்டிலும் காணப்படும் வெப்பமானி, ஒரு காலத்தில் ஓர் அடி நீளமுள்ளதாய் இருந்தது. சரியான அளவைக் காண இருபது நிமிஷ நேரம் அதனை நோயாளியின் உடலோடு சேர்த்து வைக்கவேண்டும். திமிறி அழும் குழந்தையை இருபது நிமிஷம் அசையாது வைத்திருக்க எந்தத் தாயால் இயலும்? 1867ஆம் ஆண்டளவில் கிளிபேட் ஆல்பட் என்னும் ஆங்கில வைத்தியர், ஆறங்குல நீளத்தில், ஐந்தே நிமிஷத்தில் அளவு காட்டும் சிறு வெப்பமானியைச் செய்வித்தார். அதன் பின்னரே வெப்பமானி வைத்தியரின் பையில் ஏறி வீடு வீடாகச் செல்லத் தொடங்கியது. குழந்தை கண்ணாடியைக் கடித்துவிடும் என்பதனால் வாயில் வைக்காது, கக்கத்திலோ குதத்திலோ வைத்து அளந்தனர்.

நெஞ்சொலிக் குழலைப் பிரான்ஸ் நாட்டு லயனெக் 1816ஆம் ஆண்டிற் கண்டுபிடித்தார் என்பதை மாணவர்கள் அறிவர். குழந்தை வைத்தியரின் குழலில் நெஞ்சில் வைக்கும் பகுதி சிறிதாக இருக்கும். அதனைக் கையிற் பொத்திச் சூடேற்றிய பின்னரே அனுபவமுள்ளவர் குழந்தையின் மார்பில் வைப்பர். குழந்தை அழுகின்றதே என்று அவர் கலங்குவதுமில்லை. அழும் பிள்ளை இடையிடையே ஆழ்ந்து மூச்செடுக்கும்; சுவாசப்பையின் நிலையை அறிய அந்தக் கணமே ஏற்றது.

கரண்டிக்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாக்கை அமுக்கித் தொண்டையைப் பார்ப்பதற்கு அதன் காம்பே போதுமானது. கன்னத்தை விலக்கி உட்புறத்தைப் பார்ப்பதற்கும் அது உதவும். நியூயோர்க் வைத்தியர் ஹென்றி கோப்ளிக், 1896ஆம் ஆண்டில் ஓர் அரிய உண்மையை வெளியிட்டார். சின்னமுத்து நோயிலே உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்னரே, கன்னத்தின் உட்புறத்தில் உப்புப் பரல் போன்ற நுண்ணிய வெண்புள்ளிகள், செந்நிற வட்டத்தின் நடுவே தோன்றும் என்பதே அது. இதனை அறிந்த வைத்தியர், ஒரு கரண்டியையும் யன்னலோர வெளிச்சத்தையும் துணைக்கொண்டு நோயை முன்கூட்டியே கண்டு, அந்தக் குழந்தையை மற்றைக் குழந்தைகளிடமிருந்து பிரித்து வைத்தார். அப்புள்ளிகள் இன்றும் அவருடைய பெயராலேயே வழங்குகின்றன.

தராசு சொன்ன சாட்சி

குழந்தை வைத்தியரின் உடைமைகளுள் ஒன்று பையில் அடங்காதது. அதுதான் தராசு. ஒரு புறத்திற் குழந்தையைக் கிடத்தும் தட்டு அல்லது கூடை. மறுபுறத்தில் நகரும் எடை. பார்வைக்குக் கடைத் தராசுக்கும் இதற்கும் பெரிய பேதமில்லை. ஆயினும், அக்காலத்திற் குழந்தைகளின் உயிரைக் காத்த கருவிகளுள் இதற்கு உயர்ந்த இடம் உண்டு.

அந்நாட்களில் பெருநகரங்களிலே கோடை காலம் வந்தால் சிசுக்கள் வயிற்றோட்டத்தால் ஈசல் போல் மாண்டன. காரணம், பால். கிராமத்திலிருந்து வெயிலில் ஊர்ந்து வந்த பாலிற் கிருமிகள் பெருகியிருந்தன. அப்பாலைப் பருகுவதற்கு வழங்கிய போத்தலோ அதனினும் கொடியது. அதிலிருந்து நீண்ட இறப்பர்க் குழாயொன்று குழந்தையின் வாய்க்குச் செல்லும். குழந்தை தானே சப்பிக் குடிக்கும் என்று தாய் தன் வேலையைப் பார்ப்பாள். ஆனால் அக்குழாயின் உட்புறத்தை யாராலும் கழுவ முடியாது. அங்கே பழைய பால் புளித்துக் கிருமிகளின் இருப்பிடமாயிற்று. பிரான்ஸ் தேசம் 1910ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றி அந்தக் குழாய்ப் போத்தலைத் தடை செய்தது.

பாரிஸ் நகரிலே பியேர் புடான் என்னும் மகப்பேற்று வைத்தியர், 1892ஆம் ஆண்டில் ஒரு புதிய வழக்கத்தை ஆரம்பித்தார். தமது வைத்தியசாலையிற் பிறந்த குழந்தைகளைத் தாய்மார் வாரந்தோறும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் குழந்தையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோய் வந்த பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதே அதுவரை வழக்கம். நோய் வராத குழந்தையையும் வைத்தியர் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. தாய்ப்பால் ஊட்டுவதை அவர் வற்புறுத்தினார். அதற்கு வழியில்லாதவர்க்குக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கிய பால் வழங்கினார்.

நல்ல சுகத்துடன் வளரும் குழந்தை, பிறந்தபோது இருந்த எடையைப் போல் ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் இரு மடங்கும், ஒரு வயதில் மும்மடங்கும் இருக்கும். பிறக்கும்போது ஏழு இறாத்தல் எனின், முதலாம் ஆண்டு நிறைவில் இருபத்தொரு இறாத்தல் அளவு இருக்கவேண்டும். இரண்டு வாரம் எடை ஏறாது நின்றால், தாய் கவனிப்பதற்கு முன்னரே தராசு எச்சரித்துவிடும். "பிள்ளை நன்றாய்த்தானே இருக்கிறான்" என்று பாட்டி சாதிக்கலாம். தராசு முகத்துக்காகப் பேசாது.

மெழுகில் அடங்கிய ஒரு துளி

பையின் ஒரு மூலையிலே தேன்மெழுகினாற் செய்த சிறு குளிசைகள் உள. ஒவ்வொன்றிலும் இரண்டொரு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் அடைத்திருக்கும். பிறக்கும் வேளையில் தாயிடமிருந்து தொற்றும் ஒரு கிருமியால் எத்தனையோ சிசுக்கள் பிறந்த சில நாட்களில் கண்ணொளி இழந்தன. இக்கரைசலைப் பிறந்தவுடன் கண்ணில் இட்டால் அந்நோயைத் தடுக்கலாம் என்று ஜேர்மனியின் லைப்சிக் நகர வைத்தியர் கிறடே 1880ஆம் ஆண்டளவிற் காட்டினார். ஆனால் அதனைப் போத்தலில் வைத்திருந்தால், நீர் வற்றிக் கரைசல் கடுமையாகிவிடும். காக்க வந்த மருந்தே கண்ணைச் சுட்டுவிடும். 1908ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரக் குழந்தைச் சுகாதாரப் பகுதியின் முதலாவது தலைவியாகப் பதவியேற்ற டொக்டர் ஜோசபின் பேக்கர் அம்மையார், ஒரு வேளைக்குரிய அளவை மட்டும் மெழுகில் அடைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கல்வியறிவு குறைந்த மருத்துவச்சியும் பிழையின்றிக் கையாளக்கூடிய எளிய முறை அது. பெரிய உபகாரங்கள் சில வேளைகளில் இத்தகைய சிறு உருவிலேயே வருகின்றன.

அடித்தட்டில் ஒரு பெட்டி

இதுவரை கண்டவை பெரும்பாலும் அமைதியான வேளைக்குரியவை. இனிப் பையின் அடியிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுப்போம். உள்ளே மெல்லிய துணி விரித்த பள்ளங்களில், பொன்முலாம் பூசிய சிறு உலோகக் குழல்கள் ஐந்தோ ஆறோ அளவு வரிசையில் இருக்கின்றன. மிகச் சிறியது நமது சுண்டுவிரலின் அளவு கூட இராது. கூடவே வளைந்த காம்புள்ள இரு கருவிகள், வாயைத் திறந்து பிடிக்கும் கவ்வி ஒன்று, எந்த வயதுக்கு எந்தக் குழல் என்று கோடிட்டுக் காட்டும் உலோக அளவுகோல் ஒன்று. ஆபரணப் பெட்டி போல் தோன்றும் இதனை நள்ளிரவில் எடுத்துக்கொண்டு ஓடிய வைத்தியர் எத்தனையோ பேர்.

தொண்டைக்கரப்பான் என்னும் நோய்க்கு உரிய பெட்டி இது. அந்நோயிலே தொண்டையின் உட்புறத்தில் சாம்பல் நிறமான தடித்த சவ்வு படரும். அது குரல்வளைக்கு இறங்கினால் மூச்சுவழி அடைபடும். குழந்தை எழுந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, விலா எலும்புகள் உள்வாங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும். உதடு நீலம் பாரிக்கும். அறிவு தெளிவாகவே இருக்கும். பெற்றோர் பார்த்திருக்க, மூச்சு முட்டி இறக்கும்.

முன்னே கூறிய ஜேக்கோபி இந்நோயைப் பற்றி நூலே எழுதியவர். அவருடைய மனைவி மேரி அம்மையாரும் புகழ்பெற்ற வைத்தியர். அப்படிப்பட்ட இருவரின் வீட்டிலே, 1883ஆம் ஆண்டில், அவர்களுடைய ஏழு வயது மகன் எர்ன்ஸ்ட் தொண்டைக்கரப்பானால் மாண்டான். நாட்டின் தலைசிறந்த குழந்தை வைத்தியரின் பையிலும் அன்று மகனைக் காப்பாற்றத்தக்க பொருள் இருக்கவில்லை. கழுத்தைக் கீறி மூச்சுக்குழலிற் துளையிடும் சத்திரசிகிச்சை அக்காலத்தில் இருந்ததாயினும், அதன் பின் பிழைத்த குழந்தைகள் சிலரே.

அதே நகரிலே, தெருவிற் கைவிடப்பட்ட சிசுக்களை வளர்க்கும் இல்லமொன்றில் 1872ஆம் ஆண்டு முதல் பணி புரிந்தவர் டொக்டர் ஜோசப் ஓட்வையர். தாய் தந்தையற்ற அக்குழந்தைகளுக்குக் கழுத்திற் துளையிட்டுப் பார்த்தும், ஏறக்குறைய எல்லாரும் இறந்ததை அவர் ஆண்டுதோறும் கண்டார். கழுத்தை வெட்டாமலே வாய் வழியாக ஒரு குழலைக் குரல்வளைக்குள் இருத்த முடியாதா என்று எண்ணினார். 1880ஆம் ஆண்டில் முயற்சி தொடங்கிற்று. இறந்த குழந்தைகளின் குரல்வளையை அளந்து அளந்து, வழுகி வெளியே வராமலும், மென்மையான தசையைப் புண்ணாக்காமலும் நிற்கத்தக்க குழலின் வடிவத்தைத் தேடினார். பிழைத்தவற்றைத் திருத்தித் திருத்தி, 1885ஆம் ஆண்டிலே தம் முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார்.

அச்சிகிச்சையைச் சற்று மனக்கண்முன் கொண்டு வருவோம். குழந்தையைக் கைகள் அசையாதபடி போர்வையாற் சுற்றித் தாதி மடியில் நிமிர்த்தி வைத்திருப்பார். மற்றொருவர் தலையைப் பிடிப்பார். வைத்தியர் கவ்வியால் வாயைத் திறந்து, இடது சுட்டுவிரலை உள்ளே செலுத்தி, குரல்வளை மூடியை உயர்த்துவார். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. விரல் நுனியே அவருக்குக் கண். அவ்விரலின் ஓரமாகக் குழல் இறங்கும். அவ்வளவும் சில விநாடிகளில் முடியவேண்டும். ஏனெனில் அவர் விரல் உள்ளே இருக்கும் வரை குழந்தைக்கு மூச்சில்லை. குழல் தவறி உணவு வழியிற் புகுந்தால் இழுத்தெடுப்பதற்காக, அதன் தலையில் ஒரு பட்டு நூல் கோத்திருக்கும். சரியான இடத்தில் அமர்ந்தாலோ, குழந்தை உலோக ஒலியோடு இருமும். அதன் பின் காற்று "விர்" என்று உட்செல்லும். நீலம் மாறும். போராடிக் களைத்த பிள்ளை, பல வேளைகளில், தாதியின் மடியிலேயே உறங்கிவிடும்.

வைத்தியருக்கும் இதில் ஆபத்து உண்டு. குழந்தை விரலைக் கடிக்கும் என்று சிலர் உலோகக் கவசம் அணிந்தனர். முகத்தில் தெறிக்கும் இருமலால் நோய் தொற்றவும் கூடும். குழல் சில நாட்கள் உள்ளேயே இருக்கும். அந்நாட்களிற் பால் புரையேறாதிருக்கக் குழந்தையின் தலையைத் தாழ்த்திப் பிடித்து ஊட்டினர். தாதியரின் பொறுமையின்றி இச்சிகிச்சை வென்றிராது.

குதிரை தந்த மருந்து

குழல் மூச்சுக்கு வழி திறந்ததேயன்றி, நோயின் விஷத்தை முறிக்கவில்லை. அதற்கும் வழி பிறந்தது. 1890ஆம் ஆண்டில் பேர்ளின் நகரிலே பெஹ்ரிங் என்னும் ஜேர்மானியரும் கிட்டாசாட்டோ என்னும் யப்பானியரும், நோய்விஷத்துக்குப் பழக்கப்பட்ட பிராணியின் இரத்த நீரில் அவ்விஷத்தை முறிக்கும் சக்தி உண்டு எனக் கண்டனர். பாரிஸின் எமில் ரூ, குதிரைகளிலிருந்து அந்த மருந்தைப் பெருமளவில் எடுத்துக் குழந்தைகளுக்குச் செலுத்தி, 1894ஆம் ஆண்டிலே பெறுபேற்றை வெளியிட்டார். அதற்கு முன் தொண்டைக்கரப்பானுடன் வைத்தியசாலைக்கு வந்த குழந்தைகளில் 100க்கு 50 பேருக்கு மேல் இறந்தனர். மருந்தின் பின் அது 25 அளவுக்கு இறங்கியது.

ஆகவே 1900ஆம் ஆண்டின் பின் வந்த பையில், குழல் பெட்டிக்கு அருகே பெரிய ஊசிக்குழல் ஒன்றும் இடம்பெற்றது. தொண்டையைத் துடைத்தெடுக்கும் பஞ்சுக் குச்சியும், கிருமியை வளர்க்கும் கண்ணாடிக் குழாயும் கொண்ட சிறு பெட்டியை நியூயோர்க் நகரச் சுகாதாரத் திணைக்களம் 1893ஆம் ஆண்டு முதல் மருந்துக்கடைகளில் வைத்து உதவியது. வைத்தியர் தொண்டையைத் துடைத்து அனுப்பினால், நோய் இதுதானா என்பது மறுநாளே தெரிந்துவிடும்.

குதிரையின் இரத்த நீர் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று இரண்டு வாரங்களிற் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வலியும் தோன்றின. வியன்னா நகரக் குழந்தை வைத்தியர்களான பிர்க்கேயும் பேலா ஷிக்கும் இதனை ஆராய்ந்து 1905ஆம் ஆண்டில் நூல் எழுதினர். அடுத்த ஆண்டிலே பிர்க்கே ஒரு புதுச் சொல்லை ஆக்கினார். இறால் ஒத்துக்கொள்ளாதவரும் தூசி ஒத்துக்கொள்ளாதவரும் இன்று எடுத்ததற்கெல்லாம் சொல்லும் "அலர்ஜி" என்னும் சொல் அதுவே. குழந்தைகளின் படுக்கையருகிற் பிறந்த சொல் அது என்பதைப் பலர் அறியார்.

உறங்கட்டும் பெட்டி

1923ஆம் ஆண்டிலே பிரான்ஸ் நாட்டு ரமோன், நோய்விஷத்தின் கொடுமையை நீக்கி, அதனையே தடுப்பு மருந்தாக்கும் வழியைக் கண்டார். அதன் பின் நோய் வருமுன் காக்கும் காலம் தொடங்கியது. தடுப்பூசி பரவிய நாடுகளிலே தொண்டைக்கரப்பான் படிப்படியாக மறைந்தது. பொற்குழல் பெட்டிகளைத் திறக்க வேண்டிய தேவை குறைந்தது. அவற்றைக் கையாளும் விரற்பழக்கமும் வைத்தியர்களிடமிருந்து அகன்றது. ஈற்றிற் பெட்டிகள் நூதனசாலைக்குச் சென்றன.

தன் கருவி பயனற்றுப் போவதைக் கண்டு எந்தத் தொழிலாளியும் மகிழான். தச்சனுக்கு உளியும், உழவனுக்குக் கலப்பையும் ஓயாதிருப்பதே பெருமை. வைத்தியனுக்கோ, தன் கருவி ஓய்ந்திருப்பதே வெற்றி. ஓட்வையர் 1898ஆம் ஆண்டில் மறைந்தபோது அவருடைய குழல்கள் உலகெங்கும் வழங்கின. அவை இன்று தூசி படிந்து கிடப்பதைக் கண்டால், அவரினும் மகிழ்பவர் இரார்.

ஆனால் இவ்வுறக்கம் சாசுவதமானதன்று. சோவியத் நாடு 1991ஆம் ஆண்டிற் சிதறிய காலத்தில், அப்பிரதேசங்களில் தடுப்பூசி போடுவது தளர்ந்தது. மறைந்ததென்று எண்ணிய தொண்டைக்கரப்பான் மீண்டது. 1990 தொடக்கம் 1998 வரையில் அங்கு 1,50,000 பேருக்கு மேல் நோயுற்றனர். ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டிலே வங்காளதேசத்தில் அடைக்கலம் புகுந்த ரோகிங்கியா மக்களின் முகாம்களிலும் அந்நோய் தலைகாட்டிற்று. கிருமி அழியவில்லை, கதவு திறக்கும் வரை வெளியே காத்து நிற்கின்றது.

தாய்மார்களே, நம் நாட்டிலே இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிற் குழந்தைக்கு இடும் ஊசி, ஐந்து நோய்களைத் தடுப்பது. அவற்றுள் தொண்டைக்கரப்பானும் ஒன்று. பின்னர் ஒன்றரை வயதிலும், பள்ளிப் பருவத்திலும் அதனைப் புதுப்பிக்கின்றனர். ஊசி போட்ட இரவு பிள்ளை சிணுங்கும். சிறிது காய்ச்சலும் காயும். "இந்த முறை விட்டுவிடுவோமா?" என்று மனம் இளகுவது இயல்பே. அவ்வேளையில் அந்தப் பொற்குழல் பெட்டியை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். 1883ஆம் ஆண்டில் ஜேக்கோபி தம்பதிகளுக்குக் கிடையாத பொருள், இன்று மருத்துவமாதின் கிளினிக்கில் இலவசமாய்க் கிடைக்கின்றது.

அந்தக் கிளினிக்கிலே உங்கள் பிள்ளையைத் தராசிற் கிடத்தி, எடையை அட்டையிற் குறிப்பதையும் காண்பீர்கள். பாரிஸிலே புடான் ஆரம்பித்த வேலை அங்கே தொடர்கின்றது. அவ்வட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பேசத் தெரியாத பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும் முதற் கதை அதிலேதான் எழுதப்படுகின்றது.